முகப்பில் மூன்று கதவுகள்

'பாஸ்வேர்டு தவறு.'

வேல்விழி மறுபடி தட்டினாள். கம்ப்யூட்டர் மறுபடி அதையே சொன்னது. முதுகுக்குப் பின்னால் பள்ளித் தாளாளர் பழமலைநாதன் மூச்சிரைக்க நின்றார்.

"சீக்கிரம்மா! அட்மிஷன் நேரத்துல மானம் போவுது!"

ஸ்கூல் வெப்சைட்டின் முகப்பில் நேற்றுவரை ஒரு நீச்சல் குளம் நீலமாய் மின்னியது. இணையத்தில் சுட்ட படம். இந்தப் பள்ளியில் நீந்த வேண்டுமானால் மழைக்காலத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும்.

இன்று காலை குளம் மாயம். அந்த இடத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறை! பளபளவென்று மூன்று கதவுகள். கீழே, 'உள்ளே தாழ்ப்பாள் உண்டு. தண்ணீர் வரும். சந்தேகமிருந்தால் நேரில் வாருங்கள்.' அதற்கும் கீழே ஸ்கூல் பஸ் எந்த ஊருக்கு எப்போது வரும் என்ற விவரம், டிரைவர் தமிழ்மணியின் போன் நம்பர்.

"ஹேக்கருங்க வேலை சார்," என்றார் பி.டி. மாஸ்டர் திருமால். "ரஷ்யாவா இருக்கும்."

"ரஷ்யாக்காரனுக்கு நம்ம தமிழ்மணி நம்பர் எப்படிய்யா தெரியும்?" தாளாளர் வேல்விழியிடம் திரும்பினார். "வெப்சைட்டு உன் பொறுப்பு. மத்தியானத்துக்குள்ள குளம் திரும்பி வரலன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்."

வேல்விழி கீபோர்டு பக்கம் திரும்பினாள். தட்டினாள். தவறு.

போன் அலறியது. தாளாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

"திட்டக்குடிலேருந்து பேசறேங்க. நெசமாவே தாழ்ப்பா இருக்குதுங்களா? எம் பொண்ணு பாத்ரூமுக்குப் பயந்துகிட்டு ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்குது."

அவர் வாய் திறப்பதற்குள் அடுத்த போன். அதற்குள் வாசலில் வேப்பூர்க் குடும்பம் ஒன்று.

"போன வருஷம் குளத்தைப் பாத்துட்டு டவலோட வந்து ஏமாந்தோம்," என்றாள் அம்மாக்காரி. "இந்த வாட்டி மொதல்ல தாழ்ப்பாளைக் காட்டுங்க. அப்புறம் பேசுங்க."

காட்டினார். அவள் ஒவ்வொரு கதவாக உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்தாள். டக். டக். டக். குழாயைத் திறந்தாள். சீறியது.

"வாஷ்பேசினும் நல்லாருக்குதே!"

"நம்ம ஊரு பீங்கான் பேக்டரில செஞ்சதுங்க!" தாளாளரின் நெஞ்சு நிமிர்ந்தது.

ஆபீசுக்குத் திரும்பியவரின் குரலே வேறு. "வேல்விழி, குளம் கெடக்குது விடு. பேசின் படத்தையும் சேத்துடு... அட, அந்தப் படுபாவி பாஸ்வேர்டை மாத்திட்டானே!"

"முயற்சி பண்றேன் சார்."

தட்டினாள். ஒரே தட்டில் திறந்தது.

"எப்படிம்மா?!"

வேல்விழி சிரித்தாள். நேற்று சாயங்காலம் அவளே மாற்றி வைத்த பாஸ்வேர்டு அது. காலையிலிருந்து வேண்டுமென்றே விட்டுவந்த கடைசி எழுத்தை இப்போதுதான் சேர்த்திருந்தாள்.