கட்டமா, கேள்விக்குறியா?

1

இந்தக் கதை பிறந்தது இன்று காலை பத்தேகாலுக்கு, ஒரு தொலைபேசி அழைப்பில். நான்கு நிமிடம் பேசினேன். அதற்குள் ஒரு பெண்ணின் வேலைக்கு வேட்டு வைத்துவிட்டேன். அதை யாரிடமாவது சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. கை கதை எழுதப் போய்விட்டது. பழக்கதோஷம்.

முதல் தொடக்கம்: 'திரையில் அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்ததும் ரத்தம் உறை—'

வேண்டாம். வாராவாரம் பத்திரிகையில் யாருடைய ரத்தத்தையாவது உறைய வைப்பவன் நான். இதில் யாருக்கும் உறையவில்லை. ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: 'அலட்சியமான ஒரு புரோகிராமர் இருந்தான். குள்ளம். சோடாபுட்டிக் கண்ணாடி—'

பொய். என் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். கண்ணாடியும் கிடையாது.

2

பகலில் நான் புரோகிராமர். தமிழில் புத்தகம் எழுதுகிறவர்களுக்கான மென்பொருள் எங்களுடையது. மூன்று வகைக் கணினியிலும் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். அதைச் சோதித்துப் பார்த்துவந்தவர் ஒரு அம்மா. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்.

போன மாதம், புது வெர்ஷன் வெளியாவதற்கு முந்தின நாள், மூன்று மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

“சார், மூணாவது மெஷின்ல சேவ் பண்ணி, மூடித் திறந்தா எழுத்தெல்லாம் போயிடுது. வந்து ஒரு தடவை பாருங்களேன்.”

“ஃபான்ட் இருக்காது மேடம். போட்டா வந்துடும்.”

“கட்டம் கட்டமா வந்தா ஃபான்ட் இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். இது கேள்விக்குறி.”

“ரெண்டும் அண்ணன் தம்பிதான்.”

“நீங்க சொன்னா சரி. ஆனா எனக்கு என்னமோ மனசு ஒப்பல.”

“நான் இருக்கேன்ல? வெளியிடலாம்னு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார்.

[அண்ணன் தம்பி இல்லை. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. அதை வரைந்து காட்டுவது ஃபான்ட். கட்டம் தெரிந்தால் எண் பத்திரம், வரையத்தான் ஆளில்லை. கேள்விக்குறி தெரிந்தால் எண்ணே போய்விட்டது. எந்த முறையில் எண்ணிட்டு எழுது என்று நான் ஒரே ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஒவ்வொரு கணினியும் தன் வழக்கப்படி எழுதும். என் கணினியின் வழக்கத்தில் தமிழ் உண்டு. மூன்றாவதின் வழக்கத்தில் இல்லை. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அது நிம்மதியாக இருந்தது.]

3

ஏன் எழுந்து போகவில்லை? அவருடைய மேஜை பதினோரு எட்டு தூரம். [இங்கே முதலில் 'வேலைப்பளு' என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.] நான்கு மணிக்குள் தொடர்கதையின் அத்தியாயத்தை அனுப்ப வேண்டியிருந்தது. ஆபீஸ் கணினியில், ஆபீஸ் நேரத்தில். கதாநாயகி மொட்டைமாடிச் சுவரை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை அடுத்த வாரம்வரை எப்படித் தொங்கவிடுவது என்பதுதான் என் கவலை.

எங்கள் மென்பொருளில் எழுதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அவருடையது மூன்றாவது வகைக் கணினி. புது வெர்ஷனைப் போட்டார், ஒன்பது மாத வேலையைத் திறந்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேவ் செய்தார். மறுநாள் திறந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கேள்விக்குறி. மென்பொருள் தானாக எடுத்துவைத்த நகல்? அதை எழுதியதும் அந்த ஒரு வரி இல்லாத என் அதே புரோகிராம்தான்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான் சார்” என்ற அந்த அம்மா, என்னைப் பார்த்தார்.

நான் என் ஷூவைப் பார்த்தேன். லேஸ் சரியாகத்தான் கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேலை போனது. திங்கட்கிழமை அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்தேன்.

4

அவர் வேறொரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். விசாரிக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறார். என் பெயரை! அதுதான் இன்று காலை, லீவில் வீட்டில் இருந்த எனக்கு வந்த அழைப்பு.

“அந்த ஃபைல் விஷயம், அது அவங்க தப்பாங்க?”

“ரொம்ப நல்லவங்க. நல்லா உழைப்பாங்க. கவனம்தான் கொஞ்சம்...”

அங்கே நிறுத்தினேன். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார் என்பது எனக்கு அத்துப்படி. இருபது வருடத் தொழில்.

“புரியுதுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணணும், அதான் கேட்டேன்.”

5

முடிவு அ: அவன் திரும்ப அழைத்து உண்மையைச் சொல்கிறான். வெளியே மழை பெய்கிறது. [மழை எதற்கு? நீங்கள் அவனை மன்னிப்பதற்கு.]

முடிவு ஆ: அவளே இதைவிட நல்ல வேலை தேடிக்கொள்கிறாள். [எனக்கு வசதி.]

முடிவு இ: அவன் எல்லாவற்றையும் கதையாக எழுதுகிறான். 'என்ன நேர்மை!' என்று வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். [இத்தனை நேரம் நடந்துகொண்டிருப்பது இதுதான்.]

6

என் கதைகளை முதலில் படிப்பவள் மனைவி. இதுவரை உள்ளதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நல்லா வந்திருக்கு. ஷூ லேஸ் இடத்துல உங்களை அறையலாம் போல இருக்கு.”

“ம்.”

“இது எப்ப நடந்தது?”

“காலைல.”

“எந்த வருஷத்துக் காலைல?”

“இன்னிக்கு.”

அவள் முகம்— [மூன்று வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன்.]

“அந்தக் கம்பெனி எத்தனை மணி வரைக்கும்?”

“அஞ்சரை.”

“மணி நாலேமுக்கால். இவ்வளவு நேரம் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?”

“எழுதிட்டிருந்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

7

மணி நாலு ஐம்பது. 'தப்பு என்னோடது. அவங்க சொன்னாங்க, நான் எழுந்து போய்ப் பார்க்கல.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொன்னால் என் வேலையும் போகலாம். அது தெரிந்துதான் காலையிலிருந்து பத்தி பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் நான் குரலைத் தழுதழுக்க வைப்பேன். சரியான இடத்தில் மூச்சு விடுவேன். பேசி முடிப்பதற்குள் என்னைப் பாதி நல்லவனாக்கிவிடுவேன். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த வித்தை ஒன்றும் வேண்டாம். அந்த அம்மாவுக்குச் சுத்தமாக வேண்டாம்.

அதனால் தயவுசெய்து பக்கத்தை மூடிவிட்டுப் போங்கள். நான் பேசினேனா இல்லையா என்று பிறகு தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள், நான் நன்றாகச் சொல்லிவிடுவேன்.