அழைக்கும் பெயர்

“உன் பேர் இன்னாம்மா?”

“அமிர்தவள்ளி.”

“அப்ப ஹெலன் யாரு?”

வருவாய் ஆய்வாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள். குரலில் கோபம் இல்லை. அமிர்தவள்ளி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். சௌமியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெலனும் அமிர்தவள்ளியேதான். காகிதத்தில் அமிர்தவள்ளி, இந்து ஆதிதிராவிடர். சர்ச்சிலும் தெருவிலும் ஷூ கம்பெனியிலும் ஹெலன். ஆம்பூரைச் சுற்றி அவள் சொந்தத்தில் பாதிப் பேர் இப்படித்தான். கிறிஸ்தவர் என்று எழுதிக் கொடுத்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். சாதி போகாது. அதனால் ஆபீசுக்கு ஒரு பெயர், ஆண்டவருக்கு ஒரு பெயர்.

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் சௌமியாவுக்கு வேலூரில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. கல்லூரி அதைச் சரிபார்க்க அனுப்பியிருந்தது.

“வீட்ல செல்லமா கூப்புடுவாங்க மேடம்.”

“செல்லமா கூப்புடுறது இங்க ஏன் வருது?”

ஆய்வாளர் திரையைக் கொஞ்சம் திருப்பினார். ஹெலனின் போட்டோ. ரேஷன் கார்டு, கேஸ், கரண்ட் இணைப்பு, போன் நம்பர். அதற்கெல்லாம் கீழே, ‘அழைக்கும் பெயர்: ஹெலன்’.

“யார் மேடம் சொன்னது?”

“யாரோ எங்கயோ சொன்னது. எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டாங்க. முன்ன நாங்க தெருத்தெருவா போய் விசாரிப்போம். இப்ப நம்பரைப் போட்டா அதுவே கொட்டுது.” அவர் விரலால் கீழே தள்ளிப் பார்த்தார். “சுகர் இருநூத்தி எண்பதா? மாத்திரை சாப்டறியா இல்லியா?”

ஹெலன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெறுமனே தலையாட்டினாள்.

“இதுல இருக்கறத நான் எழுதியாகணும். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பேன். அப்பவும் இந்தப் பேர் இருந்தா சர்ச்சுல விசாரிக்கச் சொல்லி எழுதிடுவேன். இல்லன்னா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். எனக்கும் பொண்ணு இருக்குதும்மா.”

மறுநாள் கம்பெனியில் ஹெலனுக்குத் தையல் கோணியது. பக்கத்து மெஷினில் ஜஹீதா. வீடும் பக்கத்து வீடு. பைபாஸ் ஓரம் ஒரே வரிசையில் கட்டிவிட்ட வாடகை வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். ஜஹீதாவின் கொழுந்தன் காஷிஃப் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவன். சௌமியாவின் சான்றிதழுக்குப் போனதும் அவனிடம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஜஹீதா அவள் டப்பாவை எட்டிப் பார்த்தாள். “இன்னா ஹெலன், மூஞ்சி தொங்குது? மீனை பூனை தின்னுடுச்சா?”

“உன் கொழுந்தன்கிட்ட என் பேரச் சொன்னியா?”

“எந்தப் பேர? உனக்குத்தான் ஜாஸ்தி இருக்குதே.”

“வெளையாடாத. அவன்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தறவன். நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஜஹீதா சிரிப்பதை நிறுத்தினாள். டப்பாவை மூடினாள். “எங்க ஆளுங்களப் பத்தி ஊர்ல ஆயிரம் சொல்றாங்க. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடறேன். நீ சொல்றத எந்தக் காதுல விடறது?”

சாயங்காலம் கம்பெனி வேனில் ஜஹீதா முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

ராத்திரி சோறு வடிக்கும்போது ஹெலனுக்கு அந்த எண் ஞாபகம் வந்தது. இருநூற்றி எண்பது. காஷிஃபுக்கு அவள் சுகர் எப்படித் தெரியும்? விரலைக் குத்திப் பார்த்தவள் ஒருத்திதான். கஞ்சித்தண்ணி கையில் கொட்டியது. பானையை அப்படியே வைத்துவிட்டுப் பிரிசில்லா வீட்டுக்குக் கிளம்பினாள்.

பிரிசில்லா வீடு வீடாகப் போய் சுகரும் பி.பி.யும் பார்த்து, அரசு கொடுத்த டேப் கம்ப்யூட்டரில் பதிந்து, மாத்திரை கொடுக்கிறவள். அதே சர்ச். பாட்டுக் குழுவில் ஹெலனுக்கு அடுத்து நிற்பவள். விஷயத்தைக் கேட்டதும் டேப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பேரு ஆதார்லருந்து தானா வந்துடும்க்கா. அடுத்து ‘அழைக்கும் பெயர்’னு ஒரு கட்டம். நான் லீவு போட்டா வேற ஆள் வரும். அமிர்தவள்ளி வீடு எதுன்னு கேட்டா தெருவுல யாருக்குத் தெரியும்? அதான் போட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “எல்லாருக்கும் போட்டிருக்கேன். நம்ம சர்ச்சு ஆளுங்க எல்லாருக்கும். எங்கம்மாவுக்கும்.”

“அழிச்சிடு.”

“பேர மட்டும் அழிக்க வழி இல்லக்கா. பதிவையே எடுக்கணும். அதுக்குக் காரணம் மூணுதான் குடுக்குது. இறந்துவிட்டார், குடிபெயர்ந்தார், வீடு பூட்டியுள்ளது.”

“செத்துட்டேன்னு போடு.”

“ரேஷன்ல பேர் போயிடும்.”

“குடிபெயர்ந்துட்டேன்னு?”

“ஓட்டு லிஸ்ட்ல கை வெச்சாலும் வெக்கும்.”

“எங்கெங்க போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுக்கா. இத்தன நாள் எங்கயும் போகாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

பிரிசில்லா விரலைக் கீழே நகர்த்தினாள். மிச்சம் இருந்தது பூட்டிய வீடு. மூன்று தடவை பூட்டியிருந்தால் பதிவு அதுவாகப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். பூட்டைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.

“மாத்திரையும் நின்னுடும்க்கா.”

“நிக்கட்டும்.”

முதல் தடவை சௌமியா வெளியே பூட்டிவிட்டுத் தெருக்குழாய்ப் பக்கம் போய் நின்றாள். ஹெலன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு உள்ளே இருந்தாள். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் பகலிலும் இருட்டு. பிரிசில்லா வந்தாள், படம் எடுத்தாள், போனாள். இரண்டாவது தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கம்பெனி இல்லாததால் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. ஹெலன் கதவுக்குப் பின்னால் நின்றாள். பிரிசில்லா போகவில்லை. அங்கேயே நின்று தொண்டையைச் செருமினாள். பிறகு, உள்ளே கேட்கட்டும் என்பது போல, திரையில் இருந்ததை உரக்கப் படித்தாள்.

“பக்கத்து வீட்டாரிடம் விசாரித்து அவர் பெயரையும் போன் நம்பரையும் பதியவும்.”

ஹெலன் வீடு வரிசையில் கடைசி. பக்கத்து வீடு ஒன்றுதான் உண்டு.

ஜஹீதா ஏற்கெனவே வாசலில் இருந்தாள் போலிருக்கிறது. அவள் குரல் கிட்டத்தில் கேட்டது. “இன்னாம்மா, தெனம் வந்து பூட்டைப் படம் புடிச்சிட்டுப் போறியாமே?”

“இந்த வீட்ல…” பிரிசில்லா தடுமாறினாள். “ஹெலன்னு யாராச்சும் இருக்காங்களா?”

சௌமியா பூட்டியதை ஜஹீதா பார்த்திருப்பாள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹெலன் இருமுவதுகூட அவளுக்குக் கேட்கும். உள்ளேதான் இருக்கிறாள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலூரில் சௌமியாவின் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஹெலனா?” என்றாள் ஜஹீதா. “அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.”

“உங்க பேரு… நம்பரு…”

“என்னுதா? எதுக்கு?”

“கேக்குதுக்கா. போட்டாதான் மேல போவுது.”

“இது எங்க போகும்?”

பிரிசில்லாவின் செருப்புச் சத்தம் ஒரு அடி பின்வாங்கியது. தன் வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டதற்கு ஜஹீதா உருதுவில் ஏதோ சொன்னாள். அவள் வளையல் சத்தம் அந்த வீட்டுப் பக்கம் நகர்ந்தது. போய்விட்டாள் என்றே ஹெலன் நினைத்தாள்.

“எழுதிக்க,” என்றது குரல். ஜஹீதா தன் பெயரைச் சொன்னாள். நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது.

கொஞ்சம் கழித்து சௌமியா வந்து பூட்டைத் திறந்தாள். “விழுந்துடுச்சும்மா. பிரிசில்லாக்கா காட்டினாங்க. நம்ம வீடே அதுல இல்ல.” அவள் முகம் மலர்ந்திருந்தது. தாயைக் கட்டிக்கொள்ள வந்தவளை ஹெலன் விலக்கிவிட்டு வெளியே போனாள். ஜஹீதாவின் கதவைத் தட்டினாள்.

திறக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினாள்.

“பூட்டின வீட்லருந்து வந்து கதவத் தட்டாத,” என்றாள் ஜஹீதா உள்ளிருந்து. “யாராச்சும் பாக்கப் போறாங்க. உள்ள போ.”

அந்தக் குரலில் இருந்தது கோபமா பயமா என்று ஹெலனுக்குப் பிடிபடவில்லை. அவள் உள்ளே போனாள்.