ஐந்து கட்டமும் ஒரு கையெழுத்தும்

நான்காம் வகுப்பு வாசலில் ஒரு பச்சைப் பலகை தொங்கியது. அதில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயர் இருந்தாலும் மதிப்பெண் பிள்ளைகளுக்கு அல்ல, அவர்களைப் பெற்றவர்களுக்கு. ‘குடும்பப் பங்கேற்பு’ என்று தலைப்பு. வாரத்துக்கு ஐந்து நட்சத்திரம் வரை ஒட்டுவார்கள். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால் அது அந்த வீட்டோடு போகும். அப்பா அம்மா கோட்டை விட்டாலோ போகிற வருகிற அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு போன பருவம் முழுக்க அந்தப் பலகையில் முதலிடம். இந்தப் பருவம் கடைசி. காரணம் வேறொன்றுமில்லை. இதுவரை குறிப்பேட்டை நிரப்பியது அம்மா, இப்போது நிரப்புவது அப்பா.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் அட்டை. ஒரு நாளுக்கு ஐந்து கட்டம்: சேர்ந்து வாசித்தோம், சேர்ந்து கணக்குப் போட்டோம், சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து விளையாடினோம், பள்ளியைப் பற்றிப் பேசினோம். செய்ததற்கு நேரே டிக் அடிக்க வேண்டும். கீழே குறிப்பு எழுத இரண்டு வரி, அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து. தினமும்.

அம்மாவுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ஜன்னலுக்கு வெளியே நூறு பேர் நின்றாலும் பதறாத கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்தாளானால் அந்த வாரம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் டிக் அடித்துவிடுவாள். நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனா வைத்திருந்தாள், சந்தேகம் வரக்கூடாதே என்று. பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடந்த வியாழக்கிழமைகூட அந்த வீட்டில் சேர்ந்து விளையாடியிருந்தார்கள். வகுப்பு மிஸ் அதற்குக் கீழே ‘அற்புதம்!’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

அப்படிப்பட்டவளைத்தான் மூன்று மாதத்துக்கு வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். இனி சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு மாலை கிளம்ப வேண்டும். புறப்படும்போது மூன்று பேனாவையும் ரப்பர் பேண்டு போட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“இதோ பாருங்க, ரொம்ப யோசிக்காதீங்க. டிக் அடிங்க, கையெழுத்துப் போடுங்க, அனுப்புங்க. இந்த வருஷம் இருபது வீட்டுப் பிள்ளைங்களைத்தான் கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அதுவும் இந்த நட்சத்திரத்தை வச்சுத்தான்.”

“செய்யாததுக்கு எப்படி டிக் அடிக்கிறது?” என்றார் புருஷன்.

“கையாலதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்கு அது முடியாது. நல்லவர் என்பதால் அல்ல, பட்டவர் என்பதால். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒரு பராமரிப்பு அட்டை மாட்டியிருக்கும். பிரேக், கயிறு, கதவு, அலாரம், விளக்கு என்று அதிலும் ஐந்து கட்டம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, எதையும் பார்க்காமலே அத்தனைக்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அதே லிஃப்டில் அவரே ஏறினார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. அலாரம் அடிக்கவில்லை. முந்தின நாள் அலாரத்துக்கும் அவர்தான் டிக் அடித்திருந்தார். கூட ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் அந்த மனிதருக்கும் பொழுது போகவேண்டாமா? இவர் வாயைத் திறக்கச் சொல்லி நான்கு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் எழுதுவதில்லை. எழுதப் போனால் பல் கூசும்.

ஆகவே மகளின் குறிப்பேட்டையும் அவர் தனக்குத் தெரிந்த முறையிலேயே எழுதினார்.

திங்கள்: “வாசிக்கவில்லை. நான் வர எட்டு மணி. சேர்ந்து சாப்பிட்டோம், 12 நிமிடம். காலையில் எழுப்பியபோது மூன்றாவது முயற்சியில் இயங்கியது. அதன்பின் சத்தம் அதிகம்.”

செவ்வாய்: “கணக்கு பார்க்கப்பட்டது. வகுத்தலில் சிக்குகிறது. கூட்டல் கழித்தல் வழவழப்பாகப் போகிறது. தொடர்ந்து கவனிக்க வேண்டும்.”

புதன்: “முன்பல் ஒன்று ஆடுகிறது. கழற்றவில்லை. தானாக விழட்டும்.”

மிஸ் சிவப்பு மையில் பதில் எழுதினார்: “பெற்றோர் கவனத்துக்கு: இது குழந்தை.”

அதைப் படித்துவிட்டு அவர் அடியில், “பார்த்தேன். சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாரக் கடைசியில் நட்சத்திரம் ஒன்று. அடுத்த வாரமும் ஒன்று. மகள் பலகையைப் பார்த்துவிட்டு வந்து பையை நாற்காலியில் வீசினாள். ஒன்பது வயதுக்கு அவளிடம் வாதம் செய்யும் சாமர்த்தியம் எக்கச்சக்கம்.

“அப்பா, எங்க கிளாஸ்ல நீங்கதான் கடைசி. தெரியுமா?”

“முப்பத்தெட்டுப் பேர்லயா?”

“முப்பத்தெட்டுப் பேர்லயும். ஒருத்தனோட அப்பா கப்பல்ல வேலை பார்க்கறாரு. ஆறு மாசமா வீட்டுக்கே வரலை. அவருக்கு அஞ்சு நட்சத்திரம்!”

“அதெப்படி?”

“அவங்க வீட்டுல பேனா இருக்கு” என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் அவள் வரைந்து ஒட்டிய சனிக் கோள் இருந்தது. வளையத்துக்கு மட்டும் ஏழு கலர் செலவழித்திருந்தாள். கோளரங்கத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் படுத்துக்கொண்டே வானத்தைப் பார்க்கலாமாம், கூரை முழுக்கச் சனிக் கோள் வருமாம். ஒரு மாதமாக அந்த வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

“ஒரே ஒரு வாரம்ப்பா. அஞ்சு டிக். கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுடுங்க.”

“கண்ணை மூடிக்கிட்டு மட்டும் அடிக்கக் கூடாது குட்டி. நிஜமாவே எல்லாத்தையும் செஞ்சுட்டு அடிக்கறேன். சரியா?”

சொன்னபடி முயற்சி செய்யத்தான் செய்தார். ஒருநாள் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, போனில் அவளை வாசிக்கச் சொன்னார். மோட்டார் ஓடும்போது ஒன்றும் கேட்காது, நிற்கும்போது கேட்கும். யாராவது கீழே பொத்தானை அழுத்தும் போதெல்லாம் கதையில் ஒரு பத்தி காணாமல் போனது. இன்னொரு நாள் வீட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மறுநாள் குறிப்பேடு சொன்னது: “சேர்ந்து வாசித்தோம், 4 நிமிடம். வாசித்தவர்: மகள். தூங்கியவர்: நான்.”

அந்த வாரம் நட்சத்திரமே இல்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மா ரயிலிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். கூட்டம் நான்காவது மாடியில். லிஃப்டில் ஏறியதும் அவர் கண், பழக்கதோஷத்தில், சுவரில் இருந்த பராமரிப்பு அட்டைக்குப் போனது. அதைப் பராமரிப்பது வேறொரு கம்பெனி. இரண்டு தடவை படித்தார். பிறகு இரண்டாவது மாடிப் பொத்தானை அழுத்தி, மனைவியையும் மகளையும் இறக்கிப் படியில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

“இவரு ஒருத்தரு” என்று மூச்சிரைத்தாள் மனைவி.

மேலே தலைமையாசிரியை அரைமணி நேரம் பேசினார். பள்ளியும் வீடும் கைகோத்தால்தான் பிள்ளை முன்னேறும் என்றார். அவர் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் குறிப்பேடு திறந்து வைக்கப்பட்டிருந்தது. ‘மாதிரிக் குறிப்பேடு’. அது போன பருவத்துக் குறிப்பேடு என்பதும், யாருடையது என்பதும் மூன்று கலரைப் பார்த்ததுமே மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

அவர்கள் முறை வந்தது. மிஸ் இந்தப் பருவத்துக் குறிப்பேட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

“மேடம், நான் சொன்னேனே, அந்தக் குறிப்பேடு.”

“படிச்சேன்” என்றார் தலைமையாசிரியை. “சார், போன பருவம் இவ்வளவு நல்லா இருந்த குடும்பம் நீங்க. இப்ப என்ன ஆச்சு? ஒரு டிக் அடிக்க முடியலையா?”

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோளரங்கம் அப்பாவின் வாயில் இருந்தது. அவருக்கோ பள்ளிக்கூடத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். லிஃப்டைப் பற்றி மட்டும்தான் தைரியமாகப் பேசுவார். அதையே பேசிவிட்டார்.

“மேடம், நீங்க இங்க லிஃப்ட்லதான் வர்றீங்களா?”

“தினமும் நாலு தடவை. ஏன்?”

“அந்த அட்டையில அடுத்த மாசத்துக்கும் டிக் அடிச்சாச்சு. பிரேக் பார்த்தாச்சாம், கயிறு பார்த்தாச்சாம். அடுத்த மாசம் இன்னும் வரவே இல்லை.”

தலைமையாசிரியை எழுந்து போய்த் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் வெளிறியிருந்தது, பிறகு சிவந்தது.

“எப்படி மனசு வருது இவங்களுக்கு? பார்க்காமலே பார்த்தேன்னு கையெழுத்து! பிள்ளைங்க ஏறி இறங்கற இடம்!”

அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெற்றவர்கள் பலருக்குத் திடீரென்று செருப்பில் என்னவோ ஒட்டிக்கொண்டது, குனிந்துவிட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் நம்ம ஆள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “எல்லாம் ஒரே பேனா மேடம். மாத்தி மாத்தி அடிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது” என்றார்.

மனைவி அவர் முழங்கையில் கிள்ளினாள். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

‘பேனா’ என்றதும் தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேஜையில் அடுக்கியிருந்த குறிப்பேடுகளில் மேலே இருந்ததை எடுத்துப் பிரித்தார். அன்று சனிக்கிழமை. அதில் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து விளையாடியாகிவிட்டது. அடுத்ததில் அடுத்த வெள்ளி வரைக்கும் எல்லோரும் சேர்ந்து வாசித்திருந்தார்கள். கப்பல்காரர் இந்த மாதம் முழுக்க மகனோடு சாப்பிட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மாதிரிக் குறிப்பேட்டை எடுத்தார்.

“சார், உங்களுக்குத்தான் இது பழக்கம். சொல்லுங்க. இதுவாவது உண்மையா எழுதினதுதானா?”

அவருக்கு வேர்த்துவிட்டது. மனைவியின் கண், ‘சொல்லித்தான் பாருங்களேன்’ என்றது. மகளின் கண், ‘அப்பா, சனிக் கோள்’ என்றது. அவர் பக்கத்தைத் திருப்பினார். காய்ச்சல் வியாழக்கிழமை பச்சை மையில் விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொன்னால் மூன்று பேரும் தப்பித்துவிடலாம். வாயைத் திறந்தார். பல் கூசியது.

“ரொம்ப அழகா எழுதின அட்டை மேடம்” என்றார். “ஆனா நான் இதுல ஏற மாட்டேன்.”

முதலில் சிரித்தவள் மனைவிதான். அடக்க முடியாமல், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “என் கைதான் மேடம். மூணு பேனா” என்று அவளே சொல்லிவிட்டாள். அதன்பின் மண்டபத்தில் இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். வகுப்பு மிஸ் மட்டும் தன் கைப்பையை மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினார். பக்கத்து வகுப்பில் படிக்கும் அவர் மகனின் குறிப்பேடு அதிலிருந்து எட்டிப் பார்த்தது. அவர்கள் வீட்டில் அடுத்த மாதமே முடிந்திருந்தது.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. லிஃப்டைப் பூட்டச் சொன்னார். பலகையைக் கழற்றச் சொன்னார். உண்மையான பங்கேற்பை எப்படி அளப்பது என்று ஆராய ஒரு குழு அமைப்பதாகவும், அது முடியும்வரை கோளரங்கப் பயணம் நிறுத்தி வைக்கப்படுவதாகவும் அறிவித்துவிட்டு, நான்கு மாடியும் படியிலேயே இறங்கிப் போனார்.

ஒருவருக்கும் இல்லை, முப்பத்தெட்டுப் பேருக்கும் இல்லை. கீழே இறங்கும்போது ஒரு பையன் மகளைப் பார்த்து, “எல்லாம் உங்க அப்பாவால” என்றான். அவள் படியை எண்ணிக்கொண்டே இறங்கினாள். மூன்று பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். செய்தது சரி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு வலித்தது. மகள் அழாமல் வருவதுதான் அதிகமாக வலித்தது.

நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்ததை அவள் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். ‘கோளரங்கம் வழி’.

“ஏம்ப்பா, நாமளே போனா உள்ள விட மாட்டாங்களா?”

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் அந்தப் பேருந்தை எத்தனையோ தடவை பார்த்தவர்கள்தான். இத்தனை நாள் குறிப்பேட்டைக் கட்டிக்கொண்டு அழுததில் இது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. அவருக்கு அவசர அழைப்பு வேலை இருந்த நாள். கூட வேலை செய்பவரிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டார். கோளரங்கத்தில் மூன்று பேரும் சாய்வு நாற்காலியில் வரிசையாகப் படுத்தார்கள். விளக்கு அணைந்தது. கூரை காணாமல் போய் வானம் வந்தது.

திரும்பும்போது பேருந்தில் மகள் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு தானே எழுதினாள். வாசிக்கவில்லை. கணக்குப் போடவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம், அதற்கு மட்டும் ஒரு டிக். குறிப்பு: “சனிக் கோளைப் பார்த்தோம். வளையம் நான் வரைந்ததைவிட மெல்லிசு. பார்த்தவர்கள்: நான், அம்மா. தூங்கியவர்: அப்பா.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் குறிப்பேட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“நீங்க பார்க்கலையேப்பா. நீங்க எப்படிப் போடுவீங்க? அம்மா போடட்டும்.”

அம்மா கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். முதலில் அகப்பட்ட பேனாவையே எடுத்து, என்ன கலர் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.