பேர் கேட்டு வந்த வெக்கை

தி.நகரில் சண்முகவடிவின் பெயரில் இருந்த ஜவுளிக்கடை பதினைந்து வருடங்களாக வெளியேற்றிய வெக்கை, சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவளைத் தேடி மந்தைவெளி வீட்டுக்கு வந்தது. அவள் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு தாழிட்டிருந்தது. வெக்கைக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. கூடத்துக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றது. ஒரு கன்றுக்குட்டி உயரம் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சுவரும் நாட்காட்டியும் நெளிந்தன. கஞ்சி போட்ட புதுப்புடவையின் வாசனை அடித்தது. வாசனையை வைத்துத்தான் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. முறத்தில் இருந்த கீரை சருகாகிவிட்டது. அன்று வீட்டில் வெறும் ரசம்.

கடையை நடத்தியவர் அவள் கணவர் மாணிக்கவாசகம். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டபோது, மனைவி பெயர் ராசியானது என்று யாரோ சொல்ல, பலகையிலும் பத்திரத்திலும் அவள் பெயரையே போட்டார். ஆயுதபூஜைக்குப் போய்க் கற்பூரம் காட்டுவதைத் தவிர அவளுக்கும் கடைக்கும் வேறு பழக்கம் இல்லை. கடை திறந்த இரண்டாம் மாதமே அவர் வாசல் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். உள்ளே ஓடிய ஏசியின் குளிர் நடைபாதைக்கு வழிந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வேர்த்துக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் நின்றார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் வாங்கினார்கள். பக்கத்துக் கடைகளும் பார்த்துச் செய்தன. சில வருடங்களில் அந்தத் தெருவில் கதவுள்ள கடையே இல்லாமல் போனது. முன்வாசலில் கொடுத்த குளிருக்கு ஈடான வெக்கையை, கடையின் முதுகில் வரிசையாக மாட்டியிருந்த இயந்திரங்கள் பின்சந்துக்குள் ஊதின.

அந்தக் கோடையில் வெக்கை வந்தது அவள் வீட்டுக்கு மட்டுமல்ல. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபக்காரர் தன்னுடையதற்காக இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர் வீட்டில் அது காருக்குள்ளேயே இருந்துகொண்டு இறங்க மறுத்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஆளுக்கொன்று பூனை அளவில் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்பவளுக்கு வந்தது எலுமிச்சம்பழம் அளவுதான். அவள் அதை மடியில் முடிந்துகொண்டு, டீ ஆறிப்போனால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். செய்தித்தாள்கள் ஒரு வாரம் எழுதின. பிறகு தக்காளி விலைக்குத் திரும்பிவிட்டன.

மாணிக்கவாசகம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். வீட்டுக்குப் புதிதாக இரண்டு ஏசி வாங்கி மாட்டினார். அந்த ஏசிகளின் வெக்கையும் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலாசம் தெரிந்து திரும்பி வந்தது. வைகாசி பிறந்தபோது கன்றுக்குட்டி எருமை ஆகியிருந்தது. சண்முகவடிவு அதைக் கடலில் விட்டுவரலாம் என்று பெசன்ட் நகருக்கு ஆட்டோ பிடித்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். "இன்னாம்மா, அடுப்ப மடில வெச்சிகினு வர்றியா? சீட்டு காயுது பாரு" என்றார். அலையில் இறக்கி விட்டாள். அவள் வீடு திரும்பியபோது அது முன்னாலேயே வந்து கூடத்தில் ஈரமாக நின்றுகொண்டிருந்தது. மறுநாள் தரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கபாலீஸ்வரர் கோவிலுக்கு அழைத்துப் போனாள். அதற்காக அர்ச்சனை செய்யச் சொன்னதும் நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். தெரியாது என்றாள். அவர் பக்கத்தில் நெளிந்த காற்றைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

இதோடு போயிருந்தால் அவள் பழகிக்கொண்டிருப்பாள். ஆனால் மகள் ஸ்வர்ணலதாவுக்கு ஆனி மாதம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அடையாறில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்த்தட்டுகளோடு போனபோது வெக்கையும் கூடவே வந்தது. சண்முகவடிவு மகளுக்கு வளையல் போட்டாள். நாலாவது வளையலில் ஸ்வர்ணலதா கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடி சுட்டது. எல்லாவற்றையும் கழற்றித் தண்ணீரில் போட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் தாய் கோமதி, அடையாறில் நகைக்கடை வைத்திருப்பவள், சம்பந்தியைச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள். சூடு தாங்காத வயிற்றுப்பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதைச் சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. தலப்பிள்ள உங்க வீட்டுல பொறக்கதுதான் முறை. ஆனா இந்தச் சூட்டுல அவள அனுப்ப எனக்கு மனசில்ல. ஆவணி பொறக்கட்டும். வீடு ஆறுச்சுன்னா பாப்போம்."

சண்முகவடிவு சரி என்றாள். சீர்த்தட்டுகள் வெறுமையாகத் திரும்பின. மகள் திரும்பவில்லை.

மறுநாள் அவள் வெக்கையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்துக் கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனாள். பதினைந்து வருடத்தில் அவள் அங்கே போனதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய சிறிய வீடுகள். கடையின் முதுகைப் பார்த்த ஜன்னல்களில் ஆணி அடித்த தழும்புகள் இருந்தன. வெக்கை இடம் மாறியதும் பலகைகளைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். ஜன்னல்கள் திறந்து கிடந்தன. ஒன்றில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் ரூஹி. அவள் சண்முகவடிவை ஏறிட்டுப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றதைத்தான் பார்த்தாள்.

"என்னமா வளந்துருச்சு" என்றாள்.

பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. பிறகு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்குள் சூடு தாங்காமல் மாமனாரைக் கடைசிக் கோடை வரை மொட்டைமாடித் தொட்டி நிழலில்தான் படுக்க வைத்திருந்தோம், அவர் போய்விட்டார் என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சண்முகவடிவு தண்ணீரைக் குடித்து முடித்தாள். எழுந்தபோது ரூஹி ஒன்றுதான் கேட்டாள்.

"இங்க விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா."

"இல்ல" என்றாள் சண்முகவடிவு. அதற்காகத்தான் வந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

அவள் சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள். நடைபாதையில் குளிர் கணுக்காலைத் தொட்டது. ஆடித் தள்ளுபடிக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கவாசகம் எழுந்து வந்தார். பரணில் இருக்கும் கதவுகளை இறக்கி மாட்டச் சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வாசல்ல அடிக்க குளிருதான் நாம எடுத்துப் போடுத மொதப் புடவ. அத மடிச்சு வைக்கச் சொல்லுதியா? அதும் ஆடியில?"

"கட யாரு பேருல இருக்கு?"

"இது என்ன கேள்வி?"

"எம்பேரக் கேட்டுத்தான் அது வீட்டுக்கு வந்திருக்கு. அப்பம் எம்பேச்சக் கடையும் கேக்கட்டும்."

கடைப் பெண்கள் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எருமையளவு வெக்கை நுழைவாயிலில் நின்றது. அதன் வழியாகப் பார்த்தபோது அடுக்கியிருந்த பட்டெல்லாம் நெளிந்தது. மாணிக்கவாசகம் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

கதவுகள் மாட்டப்பட்டன. பதினெட்டில் ஓடிய ஏசி இருபத்தேழுக்கு வந்தது. விளக்குகளில் பாதியைக் கழற்றினார்கள். அதன் பிறகு புடவையின் நிறம் தெருவில் தெரிவதுபோலவே கடைக்குள்ளும் தெரிந்தது. முகப்பை மூடியிருந்த விளம்பரப் பலகையை இறக்கியபோது அதற்குப் பின்னால் ஜன்னல்கள் இருந்தன. கட்டடத்துக்கு ஜன்னல்கள் இருப்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். மாடிகளில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு அவற்றைத் திறந்து வைத்தார்கள். உச்சி வெயிலில் கடையைச் சாத்தி, சாயங்காலம் திறந்தார்கள். சண்முகவடிவு தினமும் கல்லாவில் உட்கார்ந்தாள். வீட்டில் மாட்டிய இரண்டு ஏசிகளையும் கழற்றி அனுப்பிவிட்டாள்.

முதல் வாரம் வியாபாரம் படுத்துவிட்டது. ஜனங்கள் வழக்கமான இடத்தில் நின்று, குளிர் இல்லாததைக் கண்டு, அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். பக்கத்தில் பயணப் பெட்டிகளும் கைப்பைகளும் விற்கும் கடை வைத்திருந்த அப்துல் கய்யூம் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கதவச் சாத்தினதப் பாத்துட்டு கடையையே வித்துட்டீங்களான்னு என்கிட்ட வந்து விசாரிக்கிறாங்க. நான் விலை பேசட்டுமா?" என்றார். மாணிக்கவாசகம் அன்று இரவு கணக்கு நோட்டை மனைவி பக்கம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆனால் சளியும் தும்மலுமாக இருந்த கடைப் பெண்கள் தும்மலை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலங்களில் கூட்டம் மெல்லத் திரும்பியது, பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும். ஆடிப்பூரம் கழித்து அப்துல் கய்யூம் மறுபடி வந்தார். அவருக்குப் பின்னால் ரெக்சின் வாடையோடு ஏதோ நின்றது. கதவு மாட்டிய தச்சரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தெருவில் இன்னும் சிலர் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை.

வெக்கை இளைத்தது. ஆடிப்பெருக்கின்போது எருமை மறுபடி கன்றுக்குட்டி ஆகியிருந்தது. ஆடி முடிந்தபோது ஆட்டுக்குட்டி. அதற்குமேல் இளைக்கவில்லை. இரண்டு நாள் கடையை முழுக்கவே மூடிப் பார்த்தாள். அப்போதும் அப்படியே நின்றது. ஏற்கெனவே வெளியே போனது போனதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. இனிமேல் போகாதது வந்து சேராது, அவ்வளவுதான். பால்கனியில் அதற்கு ஒரு மூலையை ஒதுக்கி, மகளுக்காக அறையை வெள்ளையடித்தாள்.

ஆவணி முதல் தேதி கோமதி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தாள். புறங்கையால் மறுபடி தொட்டாள். போதும் என்று தலையசைத்தாள். ஸ்வர்ணலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் தன் பழைய கட்டிலில் படுத்தாள். கோமதி மட்டும் செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் காற்று நெளிந்தது. பொன் உருக்கும் வெண்காரத்தின் வாடை அடித்தது. அடையாறு வீட்டில் கோமதிக்கு வந்த வெக்கையைச் சித்திரையிலிருந்து கார் ஷெட்டில் மறைத்து வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அத ஏன் மதினி படியில நிறுத்தியிருக்கீங்க?" என்றாள் சண்முகவடிவு. "உள்ள கூப்பிடுங்க."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது உள்ளே வந்தது. நல்ல பருமன். அன்று சாயங்காலம் நகைக்கடை விளக்குகளைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

புரட்டாசியில், டாக்டரம்மா சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தி, பெண் குழந்தை பிறந்தது. குழந்தையும் தாயும் நலம். வீட்டுக்குக் கொண்டுவந்து முதன்முதலாகக் குளிப்பாட்டியபோது கோமதி தண்ணீர் ஊற்ற, சண்முகவடிவு காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். துவட்டும்போது இருவரும் குழந்தையைச் சுற்றியிருந்த காற்றைக் கையால் தடவிப் பார்த்தார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"பேரு வச்சபொறவு வரும்" என்றாள் கோமதி.

"வரட்டும்" என்றாள் சண்முகவடிவு, குழந்தையைத் துணியில் சுற்றியபடி. "சின்னதா வரட்டும்."