கடல் இருந்த கிணறு

பஸ் அரியலூரை நெருங்கும்போது அம்சவள்ளி அண்ணி என் மடியிலிருந்த மஞ்சள் பையை அமுக்கிப் பார்த்தாள்.

"கல்லைக் கட்டிக்கிட்டு கூட்டத்துக்குப் போற ஒரே பொம்பள நீதான் கண்ணகி. பேச்சு புடிக்கலன்னா எறியப்போறியா?"

நான் பையை இழுத்து வைத்துக்கொண்டேன். அதற்குள் இருந்தது எங்கள் புதுக் கிணற்றிலிருந்து வந்த கல். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் முழுக்க வரிவரியாகச் சிப்பிகள், கல்லோடு கல்லாக ஒட்டிப்போனவை. அந்தக் கல்லால்தான் கிணற்று வேலை நின்றுபோயிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருடம் அது. சரியான மழை பார்த்து வெகுநாளாகியிருந்தது. எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த புன்செய்க் கொல்லை ஒன்றுதான். அப்பா அதன் நடுவில் கிணறு வெட்டத் தொடங்கினார். கருப்பு மண் போய், களி போய், மஞ்சள் பாறை வந்தது. வெடி வைத்துப் பிளந்தபோது பாறை முழுக்கச் சிப்பி.

கிணறு வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் மாயவன். கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். நாக்கை நீட்டி நக்கினார். முகத்தைச் சுளித்து அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் நக்கினார். பிறகு அங்கிருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு கல்லை எடுத்து நக்கிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது அப்படி ஒரு வழக்கம். புதுப் பாறை வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் தண்ணீரும் உப்பு என்று அர்த்தம். மேற்கொண்டு தோண்டாமல் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

"கரிக்குது அண்ணே. கடல் சிப்பி கெடக்குற எடத்துல கடல் தண்ணிதான் வரும். திங்கக்கெழம ஆளு கொண்டாந்து மூடிடுவோம்" என்றார் மாயவன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லையைச் சுற்றி நடந்தார். கிணறு இல்லையென்றால் கொல்லையை விற்றுவிடலாம் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். அன்று அதை அவன் திரும்பச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். யாரும் என்னிடம் கல்லை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் அரங்கநாதனின் அறிவியல் பேச்சை வானொலியில் கேட்டிருக்கிறேன். மின்னல், தேனீ, வயிற்றுப்போக்கு, எதைப் பற்றிப் பேசினாலும் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இது எப்படித் தெரியும்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்விக்காகவே நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் பேசுகிறார், சனிக்கிழமை அரியலூரில் என்று சுவரொட்டி பார்த்து வந்து சொன்னது அண்ணிதான். அவளுக்கு டவுனில் வளையல் வாங்க வேண்டியிருந்தது.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான ஓட்டுக் கொட்டகையில். பெண்கள் பக்கம் நிறைய இடம் இருந்தது. கடைசி வரிசைக்குப் போகப் பார்த்த என்னை அண்ணி இழுத்து முன்னால் உட்காரவைத்தாள். மேடைக்கு அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒரு குள்ளமான மனிதர் வந்தார்.

"இவரா? ரேடியோவுல ஆறடி இருந்தாரே" என்றாள் அண்ணி என் காதில்.

அவர் வணக்கம் சொன்னதும் கேட்டார். "இங்க வெத்தல போடுறவங்க யாரு?"

கைகள் தயங்கி எழுந்தன.

"வெத்தலையில தடவுற சுண்ணாம்பு இந்த ஊருக் கல்லைச் சுட்டது. இந்தக் கல்லுல பெரும்பகுதி கடல் உயிருங்க விட்டுட்டுப் போன ஓடு. நீங்க மெல்றது அதுதான். இந்தச் சுவத்துல அடிச்சிருக்கிற வெள்ளையும் அதுதான்."

எல்லோரும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். சுவர் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதில் சாய்ந்திருந்த ஒருவர் முதுகை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

"இப்ப மேல பாருங்க" என்றார். பார்த்தோம். "இந்தக் கூரைக்கு மேல தண்ணி. வெளிய நிக்கிற வேப்பமரத்துக்கு மேலயும் தண்ணி. நாம உட்கார்ந்திருக்கிறது கடலோட தரை. நம்ம தலைக்கு மேல மீனு போகுது. சுருண்ட ஓட்டுக்குள்ள இருந்துக்கிட்டு கையை நீட்டி இரை பிடிக்கிற உயிரெல்லாம் போகுது. மனுஷன் கிடையாது. கடலுக்குப் பேரு வைக்கக்கூட ஆளு கிடையாது. ஏழெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இதே இடம்."

கூரை ஓடுகளின் இடுக்கு வழியாகச் சாயங்கால வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் தூசி மிதந்தது. எனக்கு அது தூசியாகத் தெரியவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் வெளிச்சம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்தில் அண்ணியும் வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"இது எப்படித் தெரியும்?" என்றார் அவர், வானொலியில் கேட்ட அதே குரலில். "யாரும் பார்க்கல. சாட்சி அந்தச் சிப்பி ஓடுங்கதான். இன்னிக்கு இருக்கிற கடல்ல ஓடு எப்படிப் படியுதோ, அதே மாதிரி உங்க கொல்லையிலயும் படிஞ்சிருக்கு. நான் சொன்னா நம்பாதீங்க. எதை வச்சுச் சொல்றேன்னு பாருங்க. நாளைக்கு ஒருத்தர் இதைவிட நல்ல சாட்சி கொண்டுவந்தா நான் என் பேச்சை மாத்திக்குவேன். அதுல வெட்கம் ஒண்ணுமில்ல."

பேச்சு முடிந்ததும் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுந்து கேட்பதென்றால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். சீட்டு என்பதால் எழுதினேன். கிணற்றுப் பாறையில் சிப்பி இருந்தால் தண்ணீர் உப்பாக வருமா? கல்லை நக்கிப் பார்த்ததில் கரித்தது.

அவர் அதை வாசித்தார். "இது யாரு கேட்டது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவதான் சார்!" அண்ணி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். "கல்லையும் கையோட கொண்டாந்திருக்கா!"

சிரிப்பு. கல் கைமாறி மேடைக்குப் போயிற்று. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நக்கிப் பார்த்தது யாரும்மா?"

"அப்பா. வேலை செய்யறவங்க எல்லாரும்."

"கையைக் கழுவிட்டு நக்குனாங்களா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அப்பாவைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று என் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை என்னையே பார்த்துக் காத்திருந்தார்.

"நான் வேடிக்கைக்குக் கேட்கல. சித்திரை வெயில்ல பாறை தூக்குன கை. அந்தக் கையில என்ன இருக்கும்?"

"வேர்வை."

"வேர்வையில?"

அந்தச் சொல் வெளியே வருவதற்கு முன்பே எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. "உப்பு" என்றேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நல்ல தண்ணி வருமா சார்?" என்றாள் அண்ணி, தன் கிணறுபோல.

அவர் கல்லைப் பார்த்தார். "தெரியாது" என்றார்.

மைக்கில், அவ்வளவு பேருக்கு முன்னால். அவ்வளவு படித்தவர். கடலைப் பற்றிச் சொன்னபோது எப்படியிருந்ததோ அப்படியே இருந்தது எனக்கு. அந்த வார்த்தையை இப்படி நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வகுப்பில் அதைச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள்.

"கடல் போய் எவ்வளவோ காலமாச்சு. மழை உப்பைக் கழுவியிருக்கலாம். சில களிமண்ணு விடாம பிடிச்சும் வச்சிருக்கும். உங்க கிணத்துல எதுன்னு இங்க இருந்து நான் சொன்னா அது ஜோசியம். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

"அப்புறம் எனக்கு எதுக்கும்மா சீட்டு? நீங்க சொல்லுங்க, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "அடி மண்ணு எடுத்து, நல்ல தண்ணியில ஊறவச்சு, வடிகட்டி... சில்வர் நைட்ரேட் விட்டா, உப்பு இருந்தா வெள்ளையாகும்."

"குடிக்கிற தண்ணியில விட்டாலும் கொஞ்சம் வெளுக்குமே. நாக்கே போதும். ஆனா நாக்கு நாம நினைக்கிறதைத்தான் சொல்லும். எந்தத் தண்ணி எதுன்னு அதுக்குத் தெரியாம பார்த்துக்குங்க." கல்லைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீட்டினார். "என்ன வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க. நான் தெரிஞ்சுக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் அண்ணிக்கு வளையல் வாங்கவில்லை என்பதுகூட நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கொல்லைகள் மங்கலாகப் போய்க்கொண்டிருந்தன.

"இங்கல்லாமா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"அந்தப் புளியமரத்துக்கு மேலயா?"

"மேலதான்."

"அடியாத்தா" என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை கல்லைத் தேய்த்துக் கழுவி அப்பாவிடம் கொண்டுபோனேன். கையையும் வாயையும் கழுவச் சொன்னேன்.

"என்னா பாப்பா, விடிஞ்சும் விடியாம கல்லை நக்கச் சொல்ற" என்றவர் நக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லயே. சப்புன்னு இருக்கு."

கடப்பாறைகளை எடுத்துப்போக ஆட்களோடு வந்திருந்த மாயவன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தேச்சுக் கழுவுனா உப்பு போவாதா? நல்ல கதையா இருக்கே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. "ஆமாண்ணே. அதனால அடி மண்ணு வேணும். வேர்வை படாம எடுக்கணும்."

"எங்களுக்கெல்லாம் வேர்க்காம வேலை செய்யத் தெரியாதும்மா. வேணும்னா நீயே எறங்கு."

ஆட்கள் சிரித்தார்கள். தண்ணீர் வராத கிணற்றில் பெண்கள் இறங்கக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"எறங்குறேன்" என்றேன்.

அண்ணி கையைத் தட்டினாள். அப்பா என்னைப் பார்த்தார். "மாயவா, கயிறப் புடி" என்றார்.

கொல்லைக்குப் போனதும் மண் ஏற்றும் பெரிய கூடையில் என்னை உட்காரவைத்து ராட்டினத்தில் மெல்ல இறக்கினார்கள். கருப்பு மண் கண் முன்னால் மேலே போயிற்று. பிறகு களி. பிறகு மஞ்சள். பிறகு அவை வந்தன.

சுவர் முழுக்கச் சிப்பிகள். கொட்டிய மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் படுத்திருந்தது, ஒன்றின் மேல் ஒன்று, யாரும் நகர்த்தாமல். நடுவில் தட்டு அகலத்துக்குச் சுருண்ட ஓடு ஒன்று. வெடியில் பாதி போக, பாதி பாறைக்குள் இருந்தது. இந்தக் கிணறு வெட்டும்வரை வெளிச்சம் படாதது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வட்டமாக வானம், அதன் விளிம்பில் சின்னதாக அப்பாவின் தலை. வானம் அசைவதுபோல் இருந்தது. நான் கடலின் தரையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்தான் போயிருந்தது, மற்றபடி எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது.

"கடல்" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் சுவரைச் சுற்றிப் பெரிதாகி மேலே போயிற்று. எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்ததே இல்லை.

"என்னாம்மா, தண்ணியா?" என்று மாயவன் மேலேயிருந்து கத்தினார்.

"இன்னும் இல்லண்ணே!"

கழுவிய கரண்டியால் பாறை இடுக்கிலிருந்த அடிக் களியைச் சுரண்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு ஏறினேன். குடிதண்ணீர்க் கிணற்றோரத்து மண்ணையும் அதே அளவு எடுத்தேன். இரண்டையும் தனித்தனியே ஊறவைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அண்ணி அவற்றை டம்ளர்களில் ஊற்றினாள். மூன்றாவதில் குடிதண்ணீர் மண்ணின் வடிநீரோடு ஒரு சிட்டிகை உப்பு. அடியில் அடையாளம் வைத்தது அவள். எது எது என்று எனக்கும் தெரியாது.

அப்பா, மாயவன், அண்ணன் மூவரும் குடித்துப் பார்த்தார்கள். உப்புப் போட்டதை மூவரும் உடனே தள்ளிவைத்தார்கள்.

"இதான் கிணத்து மண்ணு. கரிக்குதுல்ல?" என்றார் மாயவன். மற்ற இரண்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது நம்ம நல்ல தண்ணி. இனிக்குது."

அண்ணி டம்ளரை வாங்கி உயரத் தூக்கி அடியைக் காட்டினாள். அதில் மஞ்சள் பொட்டு. "மஞ்சள் வச்சது கிணத்து மண்ணு மாயவண்ணே. நீங்க கரிக்குதுன்னது நான் போட்ட உப்பு."

மாயவன் டம்ளரை வாங்கி இன்னொரு வாய் குடித்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்ப நல்ல தண்ணி வந்துருமா பாப்பா?" என்றார் அப்பா.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"தெரியாதுப்பா. இதுவரைக்கும் தோண்டுன மண்ணுல உப்பு இல்ல. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தோண்டுனாத்தான் தெரியும்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்னைத் திருச்சிக்கு அனுப்பிப் படிக்கவச்சேன்?" அப்பா சிரித்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "மாயவா, திங்கக்கெழம ஆளு கொண்டா. மூட இல்ல, தோண்ட."

ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் பாறையின் அடியிலிருந்து நீர் கசிந்தது. சாயங்காலத்துக்குள் கணுக்கால் அளவு நின்றது. கலங்கல் தெளிந்ததும் முதல் குடத்தை மேலே ஏற்றினார்கள். ஊரில் பாதி கொல்லையில் நின்றது. அப்பா குடத்தின் முன் உட்கார்ந்து கையை உள்ளே விடப் போனார். விடவில்லை.

"ஏ அம்சவள்ளி, வூட்டுத் தண்ணி கொஞ்சம் ஊத்து" என்றார்.

அண்ணி சொம்பிலிருந்து ஊற்ற, இரண்டு கைகளையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். பிறகு குடத்திலிருந்து அள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கினார். மறுபடி அள்ளினார். அதையும் குடித்தார், சொட்டு விடாமல்.

மாயவன் பொறுக்க மாட்டாமல் கிட்டே வந்து கையை நீட்டினார்.

"போய்க் கையைக் கழுவிட்டு வா" என்றார் அப்பா.