கன்னத்துக்குள் ஓர் அறை

ஓக் கி-தேக்கின் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. தொங்யோங் துறைமுகத்துக் கடலில் சிப்பிப் பண்ணைப் படகில் நின்றபோது, பாரந்தூக்கியின் கொக்கி முகத்தில் அடித்துத் தாடை நொறுங்கிய மனிதர். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் சுவாசக் குழாயை இடது மூக்கு வழியாக இறக்கியிருந்தார்கள். நுரையீரல் சுத்தம், சிறுநீர் சுத்தம். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றும் ஊசியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. காய்ச்சல் மட்டும் அசையவில்லை; இரத்த அழுத்தமோ நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது.

"மூக்கையும் ஒரு தடவ பாத்துடும்மா," என்றார் பிரிவுத் தலைவர் குவாக், காது மூக்கு தொண்டை மருத்துவர் பியோ ஜின்-ஆவிடம். "அங்க ஒண்ணும் இருக்காது. ஆனா தேட வேற இடமும் இல்ல."

கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை ஸ்கேனில் கறுப்பாகத் தெரிய வேண்டும். கி-தேக்கின் இடது அறை சாம்பல் பூத்திருந்தது. ஜின்-ஆவுக்கு அப்போதும் நிச்சயமில்லை. மூக்கில் குழாயோடு மல்லாந்து கிடப்பவர்கள் பலருக்கு அங்கே நீர் கோத்திருக்கும், எல்லாம் சீழாகிவிடாது. துளைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் இருந்த நிலையில் துளைப்பதும் ஆபத்து.

கி-தேக்கின் மனைவி பான் சுன்-தொக்கிடம் ஜின்-ஆ அதை மறைக்காமல் சொன்னாள்.

"இந்த மனுஷனோட மூக்கு அழுகின சிப்பியவே நாத்தம்னு ஒத்துக்காது டாக்டர். அதுக்குள்ளயா இருக்கும்?"

"இல்லாமலும் போகலாம். ரத்தம் வரலாம்."

சுன்-தொக் போர்வைக்கு மேலாகக் கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "துளச்சுப் பாருங்க. சும்மா கெடக்கறது அவருக்குப் பழக்கமில்ல."

முதலில் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாயை அங்கே மாற்றினார்கள். பிறகு ஜின்-ஆ மூக்கின் உள்மடிப்புக்குக் கீழே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் ஊசியை வைத்து அழுத்தினாள். முட்டை ஓடு உடைவதுபோல் ஒரு நொறுங்கல் விரலில் உறைத்தது. உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. குவாக் தொண்டையைச் செருமினார். ஊசியை மயிரிழை திருப்பி மறுபடி இழுத்தாள்.

பச்சை கலந்த மஞ்சள் சீழ், கூழ்போல, குழலில் ஏறியது. நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. சின்ன எலுமிச்சம்பழம் கொள்ளுகிற இடம். அத்தனை பெரிய உடம்பை அதிலிருந்துதான் ஏதோ எரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இதுதானா," என்றார் குவாக்.

வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுத் தெளியும்வரை கழுவினாள். சீழில் வளர்ந்த கிருமியைப் பார்த்து மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. இரத்த அழுத்தம் நிமிர்ந்தது. கி-தேக் மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, கன்ன அறைக்குப் போட்ட துளை வழியே நூல் கேமராவை விட்டு ஜின்-ஆ உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது சுன்-தொக் வந்து பக்கத்தில் நின்றாள். திரையில் இளஞ்சிவப்பாக ஈரச் சுவர். அடியில் கடுகளவு இரத்தத் துணுக்கு ஒன்று. அது நகர்ந்தது.

"யாரு தள்ளுறா அத?"

"உள்ள கண்ணுக்குத் தெரியாத மயிர் கோடிக்கணக்குல இருக்கு. வெளிய போற வாசல் மேல இருக்கறதால, அதுங்க மேல ஏத்திவிடுது."

"அவரு தூங்கறாரே."

"தூங்கினாலும் ஏத்தும்."

சுன்-தொக் திரைக்குக் குனிந்தாள். துணுக்கு சுவரை ஒட்டி, அவசரமில்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தது.