யூரியா போட்ட பச்சை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கோதுமை வயலை யூரியாவில் மறைத்த மனிதரை இந்த மே மாதம்தான் கண்டேன்.

கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே எங்கள் விதை நிறுவனத்தின் சோதனை வயல் இருக்கிறது. கோதுமைக்குள் முளைக்கும் புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்தைக் கோதுமை தாங்குமா என்று பார்ப்பது என் வேலை. ஒரு பாத்திக்கு மருந்தே கிடையாது. அடுத்ததற்குச் சரியான அளவு. மூன்றாவதற்கு இரட்டை அளவு. டிராக்டர் வயல் முனையில் திரும்பும்போது அடித்த இடத்திலேயே மறுபடி அடிபடும், அதற்காக. எங்கள் புது ரகம் அந்த மூன்றாவது பாத்தியில் மஞ்சளாகிக் குட்டையாக நின்றது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

விவசாயிகள் பார்க்க வரும் நாள் காலையில் அதே பாத்தி கரும்பச்சையாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையிலிருந்து வந்த எங்கள் பிரிவுத் தலைவர் ராகவேந்திரனிடம் நேரே போனேன்.

"நீங்களோ யூரியா போட்டனீங்கள்?"

"போன வாரம் கொஞ்சம்தான் போட்டேன் சுஜீதா. வர்றவங்க கண்ணுக்கு நல்லா இருக்கணும்ல?"

"இது சோதனை வயல். கலியாணப் பந்தல் இல்லை."

"டென்ஷன் ஆகாதீங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

விக்ரோரியாவுக்குத் தெரிந்தது. இந்த ரகத்தைத் தன் நிலம் முழுவதும் விதைக்க இருந்த விவசாயி அவர். பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு டேனிஷில் கேட்டார்: "மருந்தே படாத பயிரைவிட இரட்டை மருந்து குடித்தது எப்படிப் பச்சையாக இருக்கிறது?"

ஒரு பிள்ளைக்கு மட்டும் சோறு போட்டால் மற்றதன் பட்டினி தெரியும் என்று கெட்டிக்காரர் ராகவேந்திரனுக்குத் தோன்றவில்லை. சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்.

"மண்ணு வித்தியாசம்னு சொல்லிடுங்க. நம்ம ஆளு நீங்க, விட்டுக்கொடுத்துடாதீங்க. நமக்குள்ள அப்புறம் பேசிக்கலாம்."

பொய்யைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அதை மூடி மறைக்க என் தாய்மொழியை அல்லவா துணைக்கு இழுத்தார்! விக்ரோரியாவின் பயிர் படுத்துவிடும், நாங்கள் இருவரும் தமிழில் குசுகுசுத்துத் தப்பிவிடுவோம்.

"நமக்குள்ளை எண்டு ஒண்டும் இல்லை," என்றேன். பிறகு கடைசியில் நின்றவருக்கும் கேட்க டேனிஷில் சொன்னேன்: "இந்தப் பாத்திக்கு மட்டும் யூரியா போட்டிருக்கிறது. இரட்டை மருந்தை இந்த ரகம் தாங்கவில்லை."

விக்ரோரியா ஒரு பயிரைப் பிடுங்கி, சூம்பிய வேரைப் பார்த்தார். அதை ராகவேந்திரன் கையில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

வயலில் நாங்கள் இருவர் மட்டுமே மிஞ்சினோம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ராகவேந்திரன் என்னிடம் டேனிஷில் சொன்னார்.